பெயரும் எண்ணும்: பாய்மரக் கலங்கள் அடையாளம் பெற்ற வரலாறு

பினாங்குத் தீவின் தென்பகுதியில் பாயான் லெப்பாஸ் என்னும் ஊர் உள்ளது. 'பாயான்' என்பது மலாய் மொழியில் கிளிவகை ஒன்றைக் குறிக்கும். 'லெப்பாஸ்' என்பது விடுபட்டது என்னும் பொருளது. 1935-ஆம் ஆண்டில் விமான நிலையமும், 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிக வளாகமும் அமைந்தமையால் அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அதனைச் சூழ்ந்த பத்து மாவுங், தெலுக் கும்பார், பெர்மாத்தாங் டாமார் லாவுட் முதலிய கடற்கரைச் சிற்றூர்களில் மீன்பிடி தொழில் மறைந்துவிடவில்லை. அங்குள்ள படகுகளை நோக்குவார்க்கு ஒரு செய்தி புலனாகும். படகின் அணியத்தில் 'பி.பி.எஃப்.' என்னும் மூன்று ரோமன் எழுத்துகளும், அவற்றையடுத்துச் சில இலக்கங்களும் தீட்டப்பட்டிருக்கும். அவை பினாங்கு மாநிலத்து மீன்பிடி கலம் என்பதற்கான குறிகள். அண்டை மாநிலமாகிய கெடாவின் படகு 'கே.எச்.எஃப்.' எனவும், பெர்லிஸ் படகு 'பி.எஸ்.எஃப்.' எனவும் எழுத்துப் பெறும்.

படகுக்குப் பெயரிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. எண்ணிடும் வழக்கமோ அண்மைக் காலத்தது. பெயரைக் கலத்துக்கு உடையவன் தானே தேர்ந்து சூட்டுகின்றான். எண்ணை அவன் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறுகின்றான். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறியதன்று. கடலோடிக்கும் அரசுக்கும், உடைமைக்கும் உரிமைக்கும் இடையே ஏற்பட்ட உறவின் வரலாறு முழுவதும் அவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. தமிழர் கலங்கள் அவ்வரலாற்றில் கொண்ட இடம் இன்னும் முறையாக ஆராயப்படவில்லை.

பொறியும் கொடியும்

பண்டைத் தமிழகத்தில் அடையாளமிடும் வழக்கம் துறைமுகத்தில் நன்கு வேரூன்றி இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் இறக்கிய பண்டங்களுக்கும் ஏற்றிய பண்டங்களுக்கும் சோழனது புலிப்பொறி இடப்பட்டது என்பதைப் பட்டினப்பாலை தெரிவிக்கின்றது. அங்குக் காவலர் பொறியிட்டது பண்டத்தின்மீதே, கலத்தின்மீது அன்று. கலத்தைக் காட்டியது அதன் கொடி. கொடி நாட்டைக் காட்டுமே ஒழிய, இன்ன கலம் என்று தனித்துக் காட்டாது என்பது வெளிப்படை.

தனிக்கலத்தைச் சுட்டுவதற்குப் பெயரே பயன்பட்டது. முசிறித் துறையிலிருந்து யவனர் நாட்டுக்குச் சென்ற ஒரு கப்பலின் பெயர் நமக்குக் கிடைத்துள்ளது. வியன்னா நகரில் காக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் கப்பலைக் குறிப்பிடுகின்றது. அக்கப்பல் கங்கைக் கரை நறுமணப் பொருளும், யானைத் தந்தமும், துணியும் ஏற்றிச் சென்றது. கடன் கொடுத்தவனும் வரி வாங்கியவனும் கணக்கு எழுத நேர்ந்தமையால்தான் அப்பெயர் தப்பிப் பிழைத்தது. கணக்கு எழுதப்படாத ஆயிரக்கணக்கான கலங்களின் பெயர்கள் அவற்றின் மரத்தோடு கடலில் கரைந்தன.

பெயர் மட்டும் போதுமா?

பெயர் கிடைத்தும் கலம் கிடைக்காமற் போவதற்குத் தமிழ் வரலாற்றிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர் 1836-ஆம் ஆண்டளவில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். மாவோரிப் பெண்டிர் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். உற்று நோக்கியபோது அது உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி என்பதும், அதனைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டுள்ளன என்பதும் விளங்கின. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அவர் அம்மணியைப் பெற்றார். இப்போது அது வெலிங்டன் நகரிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

முகையதீன் பக்சு என்பாரின் கப்பல் மணி என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். எழுத்து தெளிவு, பொருளும் தெளிவு. ஆயினும் அக்கப்பல் எத்துறையில் கட்டப்பட்டது, எவ்வாண்டில் புறப்பட்டது, அம்மணி நியூசிலாந்தை அடைந்தது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு ஒருமித்த விடை இன்றுவரை இல்லை. எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்போரும் தம்முள் வேறுபடுகின்றனர். காரணம் யாது? முகையதீன் என்பது சோழமண்டலக் கரை இசுலாமியரிடையே பெரிதும் போற்றப்பட்ட ஞானியின் பெயர். அப்பெயரைத் தாங்கிய மனிதரும் பலர், கலங்களும் பல. ஒரே பெயர் பலவற்றுக்கு வழங்குமிடத்து, பெயர் அடையாளமாகாமல் வாழ்த்தாகி நின்றுவிடுகின்றது.

இது முகையதீனுக்கு மட்டும் உரிய குறை அன்று. 'இலட்சுமி' என்னும் பெயரிலும், 'மேரி' என்னும் பெயரிலும் எத்தனையோ கலங்கள் உலகக் கடல்களில் ஓடியிருக்கின்றன. கடலில் அஞ்சுபவன் தெய்வத்தின் பெயரை நாடுவது இயல்பு, தெய்வங்களின் பெயர்கள் அளவானவை, கலங்களோ அளவற்றவை. பெயரோடு பிறிதொரு குறியும் தேவைப்பட்டதற்கு இதுவே முதற்காரணம்.

1786: ஓர் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள்

பினாங்கு வரலாற்றில் 1786 மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் அத்தீவைக் கைக்கொண்டார். அதே 1786-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கப்பல் பதிவுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. 15 டன்னும் அதற்கு மேலும் கொள்ளும், தளமிட்ட பிரிட்டிஷ் கலங்கள் யாவும் துறைமுகப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் கடல் வாணிகத்தால் வளர்ந்த பேரரசு, துறையையும் பதிவேட்டையும் ஒருங்கே நாடியது என்பதை அவ்வாண்டு நினைவூட்டுகின்றது.

பினாங்குத் துறை திறந்ததும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்கள் திரளாக வரலாயின. நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளின் வணிகரும் மாலுமிகளும் 'சூலியர்' எனப் பெயர் பெற்றனர். ஜார்ஜ் டவுனில் அவர்கள் பெயரால் அமைந்த தெரு இன்றும் உண்டு. கரையிலிருந்து வரும் கலங்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 வரை ஆட்களைக் கொணர்கின்றன என்று லைட் 1794-ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். ஆட்களைப் பற்றி மதிப்பீடு உண்டு. அவர்களைச் சுமந்துவந்த ஒவ்வொரு கலத்தையும் தனித்தறியும் நிலையான குறி அக்காலத்தில் இல்லை.

1786-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கலங்களுக்கும் எண் இருந்தது. ஆனால் அவ்வெண் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இன்ன துறையில், இன்ன ஆண்டில், இத்தனையாவது பதிவு என்பதே அதன் பொருள். அது பதிவுக்கு இட்ட எண்ணே அன்றிக் கலத்துக்கு இட்ட எண் அன்று. கலம் விற்கப்பட்டு வேறு துறையில் பதிவானால் வேறு எண் பெறும். ஒரே கலம் தன் வாழ்நாளில் மூன்று நான்கு எண்கள் பெறுவதும் இயல்பாயிற்று. ஒருவனைப் பல பெயரால் எழுதிய ஏடுகளைப் போன்று, இப்பதிவேடுகளும் ஆராய்வார்க்குக் குழப்பம் விளைக்கின்றன.

கும்பினியின் ஆட்சிப் பகுதிகளில் கப்பல்களைப் பதிவு செய்வதற்கென 1841-ஆம் ஆண்டில் 10-ஆவது சட்டம் இயற்றப்பட்டது. 1826 முதல் சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றோடு ஒருங்கிணைந்து நீரிணைக் குடியேற்றம் எனப் பெயர்பெற்ற பினாங்கு, 1867-ஆம் ஆண்டு வரை இந்திய அரசின் கீழேயே இருந்தது. ஆதலின் வங்கக் கடலின் இரு கரைகளும் அக்காலத்தில் ஓர் ஆட்சியின் சட்டங்களுக்குட்பட்டிருந்தன என்பது கருதத்தக்கது.

விட்டத்தில் செதுக்கிய எண்

குழப்பத்தைத் தீர்த்தது 1854-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம். அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தால் பதிவுபெற்ற ஒவ்வொரு கலத்துக்கும் ஒரே அலுவல் எண் வழங்கப்பட்டது. அவ்வெண் கலம் பிரிட்டிஷ் பதிவேட்டில் உள்ளவரை மாறாது. உடையவன் மாறினும், துறை மாறினும், பெயர் மாறினும் மாறாது. கலம் மூழ்கிப்போன பின்னும் அதன் எண் வேறொரு கலத்துக்கு வழங்கப்படமாட்டாது. பேரரசின் துறைகளுக்கெல்லாம் எண்கள் தொகுதி தொகுதியாகப் பங்கிட்டு அளிக்கப்பட்டன. ஒரு துறையின் பதிவாளர் தமக்கு அளித்த தொகுதியிலிருந்து அடுத்த எண்ணை எடுத்து வழங்குவார்.

எண்ணைப் பெறும் முறை பல படிகளைக் கொண்டது. முதலில் உடையவன் கலத்துக்குரிய பெயரைத் தெரிவித்து விண்ணப்பிக்க வேண்டும். அளவையாளர் வந்து கலத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து டன் கணக்கு எழுதுவார். பின்பு உடையவன் தன் உரிமையை உறுதிமொழியாக எழுதிக் கொடுப்பான். ஒரு கலத்தின் உடைமை 64 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. அண்ணன் தம்பியரும் பங்காளிகளும் அவற்றைத் தமக்குள் பிரித்துக்கொள்ளலாம். இவை முடிந்தபின் பதிவாளர் எண்ணை ஒதுக்கி, அதனைச் செதுக்குமாறு ஓர் ஆணைச்சீட்டு வழங்குவார். கலத்தின் முதன்மையான குறுக்கு விட்டத்தில் எண்ணும் டன் அளவும் செதுக்கப்படும். செதுக்கியதை அளவையாளர் கண்டு சான்று எழுதிய பின்னரே பதிவுச் சான்றிதழ் உடையவன் கைக்கு வரும்.

பெயரை வண்ணத்தில் எழுதவும், எண்ணை மரத்தில் செதுக்கவும் சட்டம் விதித்ததன் நுட்பம் ஆராயத்தக்கது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெயர் அணியத்தின் இருபுறமும், பெயரும் பதிவுத்துறையும் பின்புறத்திலும் நான்கு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் அமைய வேண்டும். கரிய நிறத்தின்மீது வெள்ளையோ மஞ்சளோ, வெளிர் நிறத்தின்மீது கறுப்போ தீட்டலாம். இது தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு. எண்ணோ கலத்தின் உள்ளே, பளுவைத் தாங்கும் விட்டத்தில் உள்ளது. வண்ணத்தை ஓரிரவில் அழித்து எழுதிவிடலாம். விட்டத்தில் வெட்டிய எண்ணை அழிப்பது எளிதன்று. பெயர் கலத்தின் முகம் என்றால், எண் அதன் எலும்பில் பதிந்த வடு எனலாம்.

பெயர் எத்துணை எளிதில் மாறும் என்பதற்கு ஈழத்துக் கலம் ஒன்று சான்றாகும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி அதனை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகள் செலுத்திய அக்கலம் 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளஸ்டர் துறையை அடைந்தது. அத்துறையில் அதன் பெயரைப் படித்தவர், அது தமிழ்த் தச்சர் கைவண்ணம் என்று எவ்வாறு அறிவர்? கலத்தின் பழம்பெயரை நினைவில் வைத்துப் போற்றிய வல்வெட்டித்துறை மக்களாலேயே அன்னபூரணியின் புகழ் நிலைத்தது.

மலேசிய நாட்டில் 1952-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இம்முறையைத் தொடர்ந்தது. பினாங்கும் கிள்ளான் துறையும் பதிவுத் துறைகளாக விளங்கின. 1786-இல் புதிதாகத் திறந்த துறை, பிற்காலத்தில் தன் பெயரைக் கலங்களின் பின்புறத்தில் எழுதும் தகுதி பெற்றது.

மீன்படகுக்கு வந்த எழுத்து

பெருங்கலங்களுக்கு விதித்த சட்டம் சிறு படகுகளைத் தொடவில்லை. தத்தம் கரையோரத்தில் மட்டும் இயங்கும் 15 டன்னுக்குட்பட்ட கலங்கள் பதிவுக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றன. ஆனால் வலையும் படகும் மோதும் இடங்களில் சண்டைகள் எழுந்தபோது, குற்றம் செய்தது எப்படகு என்று சுட்ட வழியில்லை. பிரிட்டனில் 1868-ஆம் ஆண்டுச் சட்டம் மீன்படகுகளுக்குத் துறையெழுத்தும் எண்ணும் விதித்தது. வடகடலின் கரைநாடுகள் 1882-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிச் செய்த உடன்படிக்கை அதனை நாடுகளுக்கிடையிலான முறையாக்கிற்று.

அவ்வுடன்படிக்கையில் பாய்மரக் கலங்களின் வரலாற்றுக்கு மிக இன்றியமையாத ஒரு விதி உண்டு. எண்ணை அணியத்தில் எழுதினால் மட்டும் போதாது. பெரும்பாயின் இருபுறமும் எண்ணெய் வண்ணத்தால் எழுத வேண்டும். 15 டன்னும் அதற்கு மேலுமுள்ள படகின் அணியத்தில் எழுத்தின் உயரம் 45 சென்டிமீட்டர். பாயில் அதனினும் மூன்றில் ஒரு பங்கு பெரிது. உடல் அலையில் மறையும்; பாய் மறையாது என்பதே இவ்விதியின் காரணம். இன்று பந்தயப் படகுகளின் பாயில் காணும் எண்ணுக்கு மீனவன் பாயே முன்னோடி.

மலேயாக் கரையில் இவ்வகை மோதல் 1960-களில் கடுமையாயிற்று. இழுவைமடிப் படகுகள் கரையோரத்துக்கு வந்து சிறு மீனவரின் வலைகளை அறுத்துச் சென்றன. கடலில் படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. இதன் விளைவாகக் கடல் மண்டலங்களாக வகுக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டின் உரிமக் கொள்கையின்படி, கரையிலிருந்து 5 கடல்மைல் வரையுள்ள 'ஏ' மண்டலம் மரபு முறை மீனவர்க்கு ஒதுக்கப்பட்டது. 5 முதல் 12 வரை 'பி' மண்டலமும், 12 முதல் 30 வரை 'சி' மண்டலமும் அமைந்தன. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் உரிமமின்றி மீன்பிடிப்பதைக் குற்றமாக்கிற்று. இவ்வாறாக, படகின் எண் வெறும் பெயர்ப் பலகையாக நில்லாமல், கடலின் எப்பகுதியில் வலை வீசலாம் என்பதைக் காட்டும் உரிமைச் சீட்டும் ஆயிற்று.

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான குறியீட்டு அளவைகளை வெளியிட்டது. 25 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலத்தில் எழுத்தின் உயரம் ஒரு மீட்டர். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் 30 சென்டிமீட்டர். 5 மீட்டருக்கும் குறைந்த தோணியில் 10 சென்டிமீட்டர். கறுப்பின்மீது வெள்ளை, அல்லது வெள்ளையின்மீது கறுப்பு. கடலிலிருந்தும் வானிலிருந்தும் படிக்கத்தக்க தெளிவே இதன் நோக்கம்.

தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுப் பதிவைக் கட்டாயமாக்கிற்று. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையைத் தாக்கியோர் 'குபேர்' என்னும் மீன்படகைக் கைப்பற்றி அதில் வந்தமையால், இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான எண்முறை வகுக்கப்பட்டது. நாட்டின் எழுத்து, மாநிலத்தின் எழுத்து, மாவட்ட எண், படகு வகையின் எழுத்து, இறுதியில் படகின் தனியெண் என ஐந்து உறுப்புகள் அதில் உள்ளன. இராமநாதபுரத்துப் படகு ஒன்று 'ஐ.என்.டி. – டி.என். – 10 – எம்.எம்.' என்று தொடங்கும். இலக்கணத்தில் ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துப் பொருள் காண்பதுபோல், இவ்வெண்ணையும் உறுப்புறுப்பாகப் பிரித்து ஊரறியலாம்.

பாயில் எழுதிய எண்

விளையாட்டுக்காகப் பாய்மரப் படகு செலுத்துவோரிடையே எண்ணின் கதை வேறு வகையானது. முற்காலத்தில் பந்தயப் படகுகள் உடையவனுக்குரிய சிறு கொடியைப் பாய்மர உச்சியில் ஏற்றி ஓடின. ஒரே வடிவான படகுகள் பெருகியபோது கொடி போதவில்லை. 1907-ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டுப் படகுப் பந்தயச் சங்கம், 2015 முதல் 'உலகப் பாய்மரச் சங்கம்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றது. அதன் விதிகளே உலகெங்கும் பாய் எண்ணை ஆள்கின்றன.

முன்பு பிரிட்டனுக்குக் 'கே' என்னும் ஓரெழுத்தும், அதன் உறவு நாடுகளுக்குக் 'கே' முதலாகிய ஈரெழுத்தும் உரியனவாயின. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியப் படகின் பாயில் 'கே.ஏ. 6' என்று எழுதியிருந்தது. நியூசிலாந்துக்கு 'கே.இசட்.' உரியது. பேரரசு கலைந்து நெடுநாள் கழிந்த பின்னும் அதன் எழுத்து பாய்களில் எஞ்சியிருந்தது வியப்பே. பின்னர் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்து வகுக்கப்பட்டது. மலேசியாவுக்கு 'எம்.ஏ.எஸ்.', இந்தியாவுக்கு 'ஐ.என்.டி.', இலங்கைக்கு 'எஸ்.ஆர்.ஐ.'. 1911-இல் தோன்றிய சென்னைப் பாய்மரப் படகுச் சங்கத்தின் நகரிலிருந்து புறப்பட்டவர் நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாகிய அவர், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024-இல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார்.

பாய் எண்ணைத் தேர்வதில் உடையவனுக்குச் சிறிது உரிமை உண்டு. பொதுவாக எண்ணை நாட்டுச் சங்கமோ, அப்படகு வகைக்குரிய சங்கமோ வழங்கும். அது நான்கு இலக்கத்துக்கு மேற்படலாகாது. 1997 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் ஏற்பிசைவு பெற்ற வகைகளுக்கு மட்டும் இவ்வரம்பு இல்லை. வகைவிதி இடந்தருமானால், ஒருவர் தமக்கெனத் தனியெண் ஒன்றைப் பெற்று, அவ்வகையில் தாம் வைத்திருக்கும் படகுகள் எல்லாவற்றுக்கும் அதனையே பயன்படுத்தலாம். இங்கு எண் படகை விட்டு மனிதனைச் சேர்கின்றது. படகு விற்கப்படினும் எண் அவரிடமே தங்கும்.

எழுதும் இடத்துக்கும் விதி உண்டு. பாயின் வலப்புற எண், இடப்புற எண்ணைவிட மேலே அமைய வேண்டும். மெல்லிய பாயில் வெயில் ஊடுருவுமிடத்து, இருபுற எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நடுவர் படிக்க இயலாது என்பதை எண்ணிப் பார்ப்பார் உணர்வர்.

ஏழிலக்கத்தின் கணிதம்

எண்முறைகளுள் மிகச் செப்பமானது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கப்பல் எண். 1987-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 1996 முதல் பெருங்கப்பல்களுக்குக் கட்டாயமாயிற்று. 1854-ஆம் ஆண்டு எண் ஒரு பேரரசுக்குள் மாறாதது. இதுவோ உலகுக்குள் மாறாதது. கொடி மாறினும் இது மாறாது. 2013-ஆம் ஆண்டு முதல் பெரிய மீன்பிடி கலங்களும் இதில் சேரலாயின.

இவ்வெண்ணில் ஏழு இலக்கங்கள் உள்ளன. ஏழாம் இலக்கம் முந்திய ஆறுக்கும் காவலாக நிற்கின்றது. 9074729 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 63, 0, 35, 16, 21, 4 வரும். கூட்டுத்தொகை 139, அதன் கடைசி இலக்கம் 9, எண்ணின் ஏழாம் இலக்கமும் 9. ஓர் இலக்கம் பிறழ எழுதினால் பெரும்பாலும் இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பறையில் மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க கணக்கு இது.

எண் காக்கும் உரிமை

எண் ஆள்வோரின் கருவி; வரி வாங்கவும் வேவு பார்க்கவும் பிறந்தது என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது பாதி உண்மையே. நிலத்துக்குப் பட்டா உண்டு. கடலுக்குப் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கடற்பரப்பில் வலை வீசி வாழ்ந்தவன், 'இது என் தொழிற்களம்' என்று நாட்டுவதற்குக் காட்டக்கூடிய எழுத்துச் சான்று படகின் பதிவே. பாயான் லெப்பாசுக்குத் தெற்கே கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும் பணி 2023-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இத்தகைய காலங்களில் எவன் மீனவன், எது அவன் படகு என்னும் வினா ஏட்டில் எழுதி விடை காணவேண்டிய வினாவாகிவிடுகின்றது. எண்ணில்லாத படகுக்காரன் அவ்வேட்டுக்கு வெளியே நிற்க நேரும்.

பாக்கு நீரிணையிலும் நிலை இதுவே. இலங்கைக் கடற்படை பிடித்த தமிழ்நாட்டுப் படகை மீட்பதற்கு, உடையவன் பதிவுச் சான்றுடன் அந்நாட்டு நீதிமன்றத்தில் தோன்ற வேண்டியுள்ளது. படகின் பெயர் எத்தெய்வத்தினதாயினும், நீதிமன்றம் கேட்பது எண்ணையும் சான்றிதழையுமே.

வரலாற்று ஆய்வுக்கும் எண் பெருந்துணை செய்யவல்லது. 1855-க்குப் பின் பிரிட்டிஷ் பதிவேட்டில் ஏறிய கலங்களின் மாலுமிப் பட்டியல்கள் அலுவல் எண் வரிசையிலேயே கட்டி வைக்கப்பட்டன. 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களின் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழக ஆவணக்களரியில் உள்ளது. ஒரு கலத்தின் எண் தெரிந்தால், அது எத்துறைகளுக்குச் சென்றது, யார் யார் அதில் பணியாற்றினர் என்பவற்றைத் தேடிச் செல்ல வழி பிறக்கின்றது. பெயர் மட்டும் தெரிந்தால், முகையதீன் பக்சின் மணியைப் போல அது அருங்காட்சியகத்தில் வீற்றிருக்கும், பேசாது.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய தமிழர் கலங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது எளிது. அக்கலங்களுள் பதிவு பெற்றவை எவை, அவற்றின் எண்கள் யாவை, 64 பங்குகளை வைத்திருந்த குடும்பங்கள் எவை என்று தேடித் தொகுப்பது அரிது. அரிய பணியே செய்யத்தக்க பணி. பழைய கடிதங்களிலும், வணிகர் வீட்டுப் பெட்டிகளிலும், துறைமுக ஏடுகளிலும் அவ்வெண்கள் எஞ்சியிருக்கக்கூடும். கடற்கரை ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவற்றைக் குறித்து வைப்பார்களாயின், பெயர்களாக மட்டும் நினைவில் நிற்கும் கலங்கள் ஆண்டும் துறையும் ஆட்களும் உடைய வரலாறாக எழுந்து நிற்கும். முன்னோர் தம் கலங்களுக்குப் பெயர் சூட்டினர். அவற்றின் எண்ணைக் கண்டெடுத்துப் பெயரோடு சேர்ப்பது பின்னோர் கடமையாகும்.